மாமா சட்டையின் முதுகு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உறுதியான செய்தி முதலில். டயாலிசிஸ் கூடத்துக்கு நீ அனுப்பிய வரைபடத்தை மருத்துவமனைக் குழு ஒதுக்கிவிடவில்லை. ஜன்னலோரத்து நான்கு நாற்காலிகளின் பகுதியை மட்டும் மாதிரியாகச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறது. தேறினால் கூடம் முழுவதும் உன்னுடையது. தேறாவிட்டால் வழக்கம்போல வெள்ளை. தகவல் தந்தவர் குழுச் செயலர், அவர் அறையில், இன்று காலை.

ஒன்றரை வருஷமாகப் பேசாத தம்பிக்கு நான் எழுதக் காரணம் உன் வீட்டுக்காரி. "அவர் அந்த ஓட்டல் வேலையை முடிச்சுட்டு வர ஏப்ரல் கடைசி ஆயிடும்க்கா. இங்க இருந்து பாக்க ஒரு கண்ணு வேணும். போன்ல பேசினா நீங்க ரெண்டு பேரும் ரெண்டாவது வார்த்தையிலயே அடிச்சுக்குவீங்க. கடுதாசின்னா நடுவுல புகுந்து பேச முடியாது இல்ல?" என்றாள். உன் வீட்டில் ஒருத்திக்காவது புத்தி இருக்கிறது.

பழைய கதையில் என் நிலை மாறவில்லை. நீ நீல நிறம் கொடுத்த பஸ் நிலையக் காத்திருப்புக் கூடத்தைப் பற்றி, "ஐஸ் பெட்டியில வெச்ச மீன் மாதிரி உக்காந்திருக்கோம்" என்று சொன்னவர் ஒரு பயணி. கேட்டதை எங்கள் பத்திரிகையில் எழுதினேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் உனக்கு யாரும் வேலை தரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இந்த நான்கு நாற்காலி தேறினால்தான் உன் அலுவலகப் பலகை இங்கே தொங்கும். அதனால்தான் போய்ப் பார்த்தேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். தலைமைச் செவிலியரிடம் அனுமதி கேட்டு, காலியாக இருந்த சாய்வு நாற்காலி ஒன்றில் படுத்தேன். நீ நிறம் நிறமாக வரைந்திருக்கும் சுவர் கண்ணில் படவே இல்லை. கழுத்தைத் திருப்பினால் தெரியும். ஆனால் கையில் ஊசியோடு நான்கு மணி நேரம் கிடப்பவர் எத்தனை முறை திருப்புவார்? தெரிவது சீலிங்தான். அதுவும் தலைக்கு நேர் மேலே இருப்பது அல்ல, கால்மாட்டுப் பக்கம் இருப்பது. அங்கே இருப்பவை வெள்ளைச் சுண்ணாம்பு, டியூப் லைட், தண்ணீர் கசிந்த கறை ஒன்று. பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். நான் கறையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது நாய்ங்க. போன மாசம் வரைக்கும் ஆடா இருந்துச்சு" என்றார்.

மாதிரியைக் காட்ட வேண்டியது மார்ச் மாதத்துக்குள்.

அக்கா

*

பிப்ரவரி 13

அக்கா,

சுவர் தெரியவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அந்தச் சுவர்களை நான் மூன்று மாதம் வரைந்தேன். உன் கடிதத்தை மடித்து, மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்தேன். மேஜை ஆடாமல் நின்றது. அந்த வகையில் நன்றி.

இங்கே என் வேலை என்ன தெரியுமா? ஓட்டலின் எல்லா அறைக்கும் ஒரே பிஸ்கட் நிறம். "யாருக்கும் பிடிக்கலைன்னு சொல்லாத கலரா இருக்கணும் சார்" என்பது முதலாளியின் கட்டளை. யாருக்கும் பிடிக்கவும் கூடாது என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

கோபத்தில் வெளியே இறங்கி நடந்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, கழுத்து வலிக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். துறைமுகத்துக்குப் பின்னால் சந்து சந்தாக ஒரு பகுதி உண்டு. கப்பல் புகை படிந்து வீடுகள் எல்லாம் அழுக்கு வெள்ளை. ஆறு வாரமாக அந்த வழியாகத்தான் போகிறேன், பார்க்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அண்ணாந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு பால்கனியின் அடிப்பக்கத்துக்கும் நிறம் அடித்திருக்கிறார்கள். கிளிப்பச்சை, செங்கல், வெங்காயத்தோல், பழுத்த எலுமிச்சை. வெயில் தெருவில் பட்டு மேலே எகிறி, அந்த நிறத்தைத் தொட்டுக்கொண்டு மறுபடி தெருவில் இறங்குகிறது. தரையில் பச்சை நிழல், மஞ்சள் நிழல். நடக்கிறவன் சட்டை ஏழெட்டு முறை மாறுகிறது.

மேலே நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "மேல நிக்கிற உங்களுக்கு உங்க கலர் தெரியாதே?"

"கீழ வாசல்ல உக்காந்தா எதிர்வீட்டுக்காரனோடது எனக்குத் தெரியுது. என்னோடது அவனுக்குத் தெரியுது."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு அடிச்சீங்களா?"

"பேச்சா? அவனோட நான் பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷம் அவன் மஞ்சளுக்கு மாத்தினான். விட முடியுமா? நானும் மாத்தினேன். தினமும் காலையில அவன் என்னோடதைப் பாத்துத்தான் காப்பி குடிக்கணும்."

அக்கா, நான் அந்தச் சந்திலேயே நின்று சிரித்தேன்.

சுவர்களை வெள்ளையாகவே விடச் சொல். ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே சீலிங்கில் ஒரு நிறம், பால்கனி அளவுக்கு ஒரு நீள்சதுரம். நாற்காலிக்குச் சொந்தமான நிறம். புது வரைபடம் இதோடு இருக்கிறது. குழு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுது. கேட்டதை மட்டும் எழுது.

தம்பி

*

பிப்ரவரி 22

தம்பிக்கு,

குழு ஒத்துக்கொண்டது. தகவல் மறுபடி செயலர்தான். "சுவருக்கு வாங்க வெச்சிருந்த பெயிண்ட் மிச்சம்தானே?" என்று அவர் கேட்டதைத் தவிர எதிர்ப்பு இல்லை.

தடங்கல் வேறு இடத்தில். நீ எழுதிய பெயிண்ட் எண்கள் உன் ஊர்க் கம்பெனியுடையவை. இங்கே கிடைக்காது. நீ அனுப்பிய போட்டோக்களைப் பெயிண்டரிடம் காட்டினேன். அவர் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், லைட்டுக்குக் கீழே கொண்டுவந்தார், திருப்பித் தந்தார். "அங்க வெச்சா பச்சைங்கம்மா, இங்க வெச்சா நீலம். நீங்க முடிவா ஒண்ணு சொல்லுங்க, கலந்து தர்றேன்" என்கிறார்.

ஆகவே நம் வீட்டு நிறங்களில் எழுது. சின்ன வயதில் விளையாட்டாக நாம் நிறங்களுக்கு வைத்த பெயர்களை நான் மறக்கவில்லை. எண் பொய் சொல்லும், போட்டோ பொய் சொல்லும். சித்தி கோபம் பொய் சொல்லாது.

ஒரு குறை மட்டும். வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரு நிறம் வைத்தோம். எனக்கு மட்டும் வைக்கவே இல்லை. அப்போதே கேட்க நினைத்தது.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

நல்ல யோசனை. உன்னிடமிருந்து வந்தது என்பதால் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஏற்றுக்கொள்கிறேன்.

ஜன்னல் பக்கத்து முதல் நாற்காலிக்குச் சித்தி கோபம். முகம் முழுக்கச் சிவப்பதற்கு முன்னால், காது மட்டும் சிவக்கும்போது இருக்கும் நிறம். அதைத் தாண்டினால் செங்கல் ஆகிவிடும், நிறுத்திவிடச் சொல். அடுத்தது பெரியப்பா மௌனம், சாம்பலில் ஒரு சொட்டுப் பச்சை. மூன்றாவது பரீட்சைக் காலை. விடியும் முன் எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார்களே, அந்தக் குண்டு பல்பின் சோர்ந்த மஞ்சள். நான்காவது, லாரி டிரைவருக்கு, மாமா சட்டை. அதை விளக்க வேண்டியதே இல்லை. சர்வேயர் மாமாவுக்கு வேறு சட்டை ஏது?

உனக்கு ஏன் நிறம் வைக்கவில்லை என்று யோசித்தேன். எந்த நிறத்துக்கு என்ன பெயர் என்று நான் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் குறுக்கே புகுந்து நீயே சொல்லிவிடுவாய். உன் முறை வருவதற்குள் விளையாட்டு முடிந்துவிடும்.

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

உறுதியான செய்தி நல்லது அல்ல. மாதிரிப் பகுதியில் மூன்று நிறங்களைத் துறைத் தலைவர் பொறுத்துக்கொண்டார். நான்காவதைப் பார்த்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்போது நான் உடன் இருந்தேன்.

நடந்தது இது. மாமா சட்டை நன்றாக வந்திருந்தது. ஆழமான நீலம், மை தோய்ந்த மாதிரி. பெயிண்டரே தள்ளி நின்று ரசித்தார். நேற்று காலை லாரி டிரைவர் வந்து அதற்குக் கீழே படுத்தார். "கடலுக்கு அடியில வண்டி ஓட்டற மாதிரி இருக்குதுங்க" என்றார். தலைமைச் செவிலியர் மருந்துத் தள்ளுவண்டியோடு வந்தவர் அவரைப் பார்த்தார், வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றிய பிறகுதான் மூச்சு விட்டார். டிரைவருக்கு ஒன்றுமில்லை. முகம்தான் நீலமாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு செவிலியர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மெஷின் சத்தம் போடறதுக்கு முன்னாடி எனக்கு முகம் சொல்லிடும்மா. பிரஷர் இறங்கினா உதடு முதல்ல வெளுக்கும். உங்க தம்பி அழகா செய்யறாரு. ஆனா எனக்கு முகம் வேணும். முகத்தை எடுத்துட்டு அழகை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணறது?" என்றார்.

துறைத் தலைவர் குழுவுக்கு எழுத இருக்கிறார். மாத முடிவுக்குள் சரி செய்யாவிட்டால் நான்குமே வெள்ளை. எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு அடர்ந்த நீலத்தை நோயாளி தலைக்கு மேல் வைக்க உனக்கு எப்படித் தோன்றியது? மறுபடி மீன்தானா?

அக்கா

*

மார்ச் 24

அக்கா,

அடர்ந்த நீலமா? மாமா சட்டை எப்போது அடர்ந்த நீலமாக இருந்தது?

நான் சொன்னது, வானத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம். நீலம் என்று யாராவது சொன்னால்தான் நீலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். யாருடைய சட்டையைப் பற்றி எழுதுகிறாய் என்றே புரியவில்லை. பிறகு ஓவியக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஓட்டலில் பிஸ்கட்டைப் பார்த்து அலுத்தால் நான் போகிற இடம் அதுதான்.

அங்கே ஒரு படம். ஒரு பெண் மேஜையில் குனிந்து காய் நறுக்குகிறாள். மேஜை மேல் பச்சைத் துணி. அவள் தாடைக்கு அடியில் பச்சை. ஓவியர் அங்கே தோல் நிறத்தையே வைக்கவில்லை. ஆனால் நெற்றியில் பச்சை இல்லை. துணியைப் பார்த்திருக்கும் பக்கம்தான் துணியின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது. அவள் முதுகைப் பார்க்கிறேன், ஜன்னல் வெயில் பட்டுச் சட்டை வெளுத்திருக்கிறது. முதுகு மட்டும்.

அக்கா, அங்கே பிடிபட்டது. மாமா நாள் முழுக்க வெயிலில் நிலம் அளக்கும் கருவியின் மேல் குனிந்து நின்றவர். சட்டையின் முன்பக்கம் நிழலில் இருக்கும், முதுகு வெயிலைத் தின்னும். நீ சாப்பாட்டு மேஜையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாய். நான் ஸ்கூட்டரில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன். மூக்கு அந்த முதுகில்தான் ஒட்டியிருக்கும். ஒரே சட்டை. இத்தனை வருஷம் இரண்டு நிறத்துக்கு ஒரே பெயர் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகிறோம் என்று நினைத்திருக்கிறோம்.

முதுகை அடிக்கச் சொல். ஒரு வாளி வெள்ளையில் உன் நீலத்தில் ஒரு கரண்டி, சாம்பல் கொஞ்சம்.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிட முக்கியம். உன் முதல் கடிதத்தை மேஜைக் காலுக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். "தலைக்கு நேர் மேலே இருப்பது அல்ல, கால்மாட்டுப் பக்கம் இருப்பது" என்று நீ எழுதியிருக்கிறாய். கோபத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். கண் போவது கால்மாட்டுக்கு மேலே. முகத்தில் வெளிச்சம் விழுவது தலைக்கு மேலே இருந்து. இரண்டும் வேறு வேறு இடம். நான்கு நீள்சதுரங்களையும் தலைமாட்டிலிருந்து எடுத்து, கால்மாட்டைத் தாண்டி நகர்த்திவிடு. தலைக்கு மேலே வெள்ளை இருக்கட்டும், நல்ல விளக்கு ஒன்று இருக்கட்டும். படுத்தவருக்கு நிறம், சிஸ்டருக்கு முகம்.

அந்த சிஸ்டரை நிற்க வைத்துக் கேள். அவர் சரி என்று சொல்லாமல் குழுவைக் கூப்பிடாதே.

தம்பி

*

மார்ச் 31

தம்பிக்கு,

தலைமைச் செவிலியர் இன்று காலை சரி என்றார். நேரில், என் முன்னால், துறைத் தலைவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அவர் சும்மா சொல்லவில்லை. நான்கு நாற்காலியிலும் ஆள் படுத்த பிறகு, வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையை மூடச் சொல்லிப் பார்த்தார். திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஓரத்து நாற்காலியில் இருந்த தையல்கார அம்மாவைக் கொஞ்ச நேரம் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க காலையில ஒண்ணும் சாப்பிடல" என்றார். அந்த அம்மா, "கலரைப் பாத்து கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார். "முகத்தைப் பாத்து. இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

உன் முதுகு நிறம் பற்றி. பெயிண்டர் கலந்து ஒரு பலகையில் அடித்துக் காட்டினார். வாங்கி ஜன்னலருகே வைத்தேன். எனக்கு அந்த ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. நான் வாசலில் நிற்பேன், நீங்கள் இருவரும் கிளம்பிப் போவீர்கள். தெருமுனையில் திரும்பும் வரை தெரிந்தது அந்த முதுகுதான். அதாவது எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் எப்போதும் பின்னால் ஒட்டியிருந்த உன் பையின் மேல்தான் இருந்தது, எங்கே விழுந்துவிடுமோ என்று.

குழு பார்க்க வருவது ஏப்ரல் 8.

அக்கா

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

கூடம் முழுவதும் உன்னுடையது. குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. சொன்னவர் செயலர், கையெழுத்திட்ட தீர்மானத்தை நானே வாங்கிப் படித்தேன்.

எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள நீ துடிப்பாய், சொல்கிறேன். குழுவில் ஒருவர், "இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தேவையா?" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு இளம் செவிலியர் உள்ளே குரல் கொடுத்தார். "சிஸ்டர், மாமா சட்டைக்கு ஊசி மாத்தணும். சித்தி கோபம் முடிஞ்சிருச்சு, கட்டு போடலாமா?"

கூட்டம் அப்படியே நின்றது. செயலர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பெயிண்ட் வாளிகளின் மேல் அடையாளத்துக்காக அந்தப் பெயர்களை எழுதி ஒட்டியது நான்தான். பெயிண்டர் சொல்லி, டிரைவர் கேட்டு, இப்போது கூடம் முழுக்க அதுவே பாஷை. முன்பெல்லாம் நோயாளியை நாற்காலி எண் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். இப்போது வாசலில் வரும்போதே, "எனக்கு இன்னிக்கு பெரியப்பா மௌனம் குடுங்க, வீட்டுல ஒரே சத்தம்" என்கிறார்கள். தையல்கார அம்மாவும் ஒரு குமாஸ்தாவும் சித்தி கோபத்துக்குச் சண்டை போட்டு, சிஸ்டர் முறை வைத்துக் கொடுத்திருக்கிறார். உள்பக்கத்து வெள்ளைச் சீலிங்கில் படுப்பவர்கள் குழுவைச் சுற்றி நின்றுகொண்டு, "எங்களுக்கு எப்போ?" என்று கேட்டார்கள். தேவையா என்று கேட்டவர் தேதி சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உன் வேலையைப் பற்றி இனி நான் எழுதக்கூடாது என்று பஸ் நிலையச் செய்திக்குப் பிறகு பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள், தம்பி வேலை என்பதால். இளைய நிருபர் ஒருத்தியை அனுப்பினார்கள். அவள் எழுதி வந்ததிலிருந்து ஒரு வரி. பேசுபவர் லாரி டிரைவர். "நாலு மணி நேரம் போறதே தெரியலைன்னு சொல்ல மாட்டேங்க. தெரியுது. ஆனா இப்ப அது என்னோட நாலு மணி நேரம்."

முதல் பக்கத்தில், பெட்டி கட்டிப் போட்டிருக்கிறார்கள். வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். இதையும் மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்தால் கையை ஒடிப்பேன்.

கறை? அதை மறைத்துப் பூச டிரைவர் விடவில்லை. பரீட்சைக் காலையின் ஓரத்தில் நாய் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்கா,

செய்தியை ஓட்டல் வரவேற்பறையில் நின்று படித்தேன். பிறகு என்ன செய்தேன் என்று எழுதினால் நீ பெட்டி கட்டிப் போடுவாய், எழுதவில்லை. பக்கத்தில் இருந்த முதலாளி, "நல்ல சேதியா சார்?" என்றார். "எங்க மாமா சட்டை முதல் பக்கத்துல வந்திருக்கு" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். ஆனால் மாலையில் தயங்கித் தயங்கி வந்து, மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் அடிப்பக்கத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுக்கலாமா என்று கேட்டார். பழுத்த எலுமிச்சை அடித்துக் கொடுத்தேன். பிஸ்கட்டில் ஒரு கடி.

பால்கனிப் பெரியவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் இப்போது ஊதாவுக்கு மாற்றிவிட்டாராம். "பயல் முந்திட்டான். ஆனா நல்லா இருக்கு, சொல்லிடாதே" என்றார்.

கூடம் முழுவதற்கும் நிறங்கள் எழுதி அனுப்புகிறேன். இந்த முறை முன்பக்கமா முதுகா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கும். ஒன்று மட்டும் நாற்காலிக்கு இல்லை, வாசலுக்கு. உள்ளே வருகிறவர் அண்ணாந்தால் முதலில் தெரிய வேண்டிய இடத்தில், எல்லா நீள்சதுரங்களையும் வெட்டிக்கொண்டு குறுக்கே ஓடும் ஒரு பட்டை. என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. பெயர் முடிவாகிவிட்டது. அக்கா குறுக்குப் பேச்சு.

தம்பி

*

ஏப்ரல் 24

தம்பிக்கு,

உறுதியானவை. வேலை உத்தரவில் நேற்று கையெழுத்தாகிவிட்டது. செயலர் நகல் தந்தார், உன் வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டேன். அலுவலகப் பலகையைத் துடைத்து மாட்டியாயிற்று. மாட்டியது நான், கோணலாக இருக்கிறது என்று சொன்னது அவள். பஸ் நிலைய மேலாளர் உன் முகவரி கேட்டுத் தொலைபேசினார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, ஊகித்து எழுத நான் விரும்பவில்லை.

நிலுவையில் இருப்பவை. குறுக்குப் பட்டையின் நிறம். பெயிண்டர் சிவப்பு என்கிறார், சிஸ்டர் மஞ்சள் என்கிறார், தையல்கார அம்மா இரண்டும் இல்லை என்கிறார். நான் என் கருத்தைச் சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் ஒரே குரலில், "அதுக்குள்ள நீங்க பேசாதீங்கம்மா" என்றார்கள். பெயர் அங்கேயும் பரவிவிட்டது. ஆகவே அந்த நிறத்தை நீ வந்துதான் கலக்க வேண்டும். வாசல் பக்கத்துச் சாரத்தை அதுவரை பிரிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வருகை எதிர்பார்க்கப்படுவது ஏப்ரல் 30, காலை ரயில். தகவல் உன் வீட்டுக்காரி. நான் நடைமேடையில் நிற்பேன். நீ என்ன சொல்ல நினைத்திருந்தாலும் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அது மட்டும் இன்னும் உறுதி செய்யப்படவில்லை.

அக்கா